ஒன்பதாம் நாள் கட்டம்

எனக்குச் செய்தவற்றைத் தேதி வரிசையில் சொல்கிறேன். மனு எழுத வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான், வரிசை தப்பினால் அதிகாரி அந்த இடத்தில் விரலை வைத்து மற்றதையெல்லாம் தள்ளிவிடுவான். முதலாவது, அறுபத்தேழாம் வருடம், எனக்குப் பதினொரு வயது, அண்டி ஆபீஸ் என்று எங்கள் பக்கம் சொல்லும் முந்திரி ஆலையில் சாயங்காலம் வாசலில் நிறுத்திப் பாவாடையை உதறச் சொன்னார்கள், பருப்பு ஒளித்திருக்கிறேனா என்று. உதறினேன், ஒன்றும் விழவில்லை, மறுபடியும் உதறச் சொன்னார்கள். இரண்டாவது, எழுபத்திரண்டு, முந்நூறு பெண்களுக்கு இருந்த ஒரே கக்கூசுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை மேஸ்திரி இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தது. மூன்றாவது, எண்பத்தொன்று, நூற்றுப் பதினான்கு நாள் வேலைநிறுத்தம், எங்கள் தலைவரே ஒரு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து பதினொரு பெண்களை வேலையிலிருந்து நீக்கச் சம்மதித்து ஒப்பந்தம் போட்டது. பதினொருவரில் நான் ஒருத்தி. நான்காவது, இரண்டாயிரத்தொன்று, மறியல் வழக்கில் நான் ரிமாண்டில் இருக்கும்போது என் வீட்டுக்காரர் மனுவேல் செத்தது. போலீஸ் காவலோடு அனுப்பினார்கள், கல்லறைத் தோட்டத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மண் மூடியாகிவிட்டது. ஐந்தாவது, இரண்டாயிரத்துப் பதினான்கு, சங்கத்தில் ஒரு பொன்னாடையும் சுவர்க்கடிகாரமும் தந்து என்னைப் பொறுப்பிலிருந்து எழுப்பிவிட்டது. ஆறாவது, இன்று காலை பத்து மணி, இந்தக் கருத்தரங்கு அறையின் வாசலில், என் மகள் பெனிலா குழந்தையை என் கையில் தந்துவிட்டு, என் சேலைத் தலைப்பைச் சரி செய்வதுபோல் அருகில் வந்து, "அம்மா, இன்னைக்கு ஒரு நாளு எழும்பி நின்னு பேசப்பிடாது. என்ன கேட்டாலும், எவன் கேட்டாலும். கேட்டியா?" என்று சொன்னது. ஏழாவது எனக்கு யாரும் செய்ததல்ல. நான் அவளுக்குச் செய்தது. முதல் ஐந்துக்கும் வருடம்தான் சொல்ல முடியும், இதற்கு மணியே தெரியும், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை.

பெனிலாவுக்கு இன்று டாக்டர் பட்டத்துக்கான தேர்வு. பொது வாய்மொழித் தேர்வு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள், யாரும் வரலாம், யாரும் கேள்வி கேட்கலாம், வந்தவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் எழுதப்படும், முடிவில் எல்லாருக்கும் கேட்கும்படி முடிவை வாசிக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் ஏதோ ஒரு சங்கத்தில் அடிபட்டவனாக இருக்க வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு செய்கிற எதையும் நம்பாதவன். நான் கையெழுத்துப் போடும் முன் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று முழுக்க வாசித்தேன், பின்னால் வரிசை நின்றது, நிற்கட்டும். இப்போது மூன்றாவது வரிசையில் இருக்கிறேன், மடியில் பேத்தி, ஒன்றேகால் வயதுக் குஞ்சு, என் கண்ணாடிக் கயிற்றை வாயில் போட்டுச் சப்புகிறாள், கண்ணாடி அவள் கையில், அதனால் திரையில் எனக்கு வெளிச்சம்தான் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை, தெரிந்தாலும் இங்கிலீஷ். பக்கத்தில் சகாயமேரி, ஆய்வகத்தில் பாத்திரம் கழுவுகிறவள், இருபது வருடமாகக் காது கொடுத்துக் கேட்டு எந்தப் பேராசிரியருக்கும் குறையாமல் விஷயம் தெரிந்தவள், எனக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டு வருகிறாள். "இப்பம் தேனீக்க மண்டைய அறுத்த படம் அக்கா. பாக்காண்டாம்." எனக்குத் தெரியாததா. அந்தத் தேனீக்களில் பாதிக்கு முதுகில் அடையாளத்துக்குப் பொட்டு வைத்தவளே நான். பெனிலா பேசுகிறாள், கோலின் நுனியில் சிவப்பு வெளிச்சம் திரையில் குதிக்கிறது, குஞ்சு அதைப் பிடிக்கக் கையை நீட்டுகிறாள், ம்மா, என்கிறாள், நான் அவள் கையை என் கைக்குள் வைத்துக்கொள்கிறேன். என் கை கறுப்பு. முந்திரி ஓட்டின் அண்டி எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெந்து தோல் மாறிப் போன கை, ஆலையை விட்டு நாற்பத்து மூன்று வருடமாகியும் ரேகை திரும்பவில்லை, ரேஷன் கடையில் விரல் வைத்தால் மிஷின் என்னை ஆள் இல்லை என்கிறது. குழந்தைக்கு அது பொருட்டில்லை. கட்டைவிரலைப் பிடித்து அதையும் சப்பிப் பார்க்கிறாள்.

மரபணு என்றால் என்ன என்று நான் அவளிடம் கேட்டது வயிற்றில் இந்தக் குஞ்சு ஏழு மாதமாக இருக்கும்போது. அவள் ஏதேதோ சொன்னாள், ஏணி, முறுக்கு, எழுத்து என்று. எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்புக்கூட இல்லை, நான் படித்ததெல்லாம் துண்டுப் பிரசுரத்தில், மடித்தால் ஜாக்கெட்டுக்குள் நிற்கும் பதினாறு பக்கம், அதில் எல்லாம் இருந்தது, உபரி, வர்க்கம், பூமியின் வயது, குரங்கு மனிதனானது. அதனால் நானே யோசித்துச் சொன்னேன், எல்லாத் தேனீக்குள்ளும் ஒரே பிரசுரம்தான் இருக்கு, அப்படித்தானே, கூட்டுக்குள் புழுவுக்கு ஊட்டுகிறவளுக்கும், வெளியே பூவுக்குப் போகிறவளுக்கும் அதே பதினாறு பக்கம், எந்தப் பத்தியை எந்த வயதில் உரக்க வாசிக்கிறது என்பதில்தான் வித்தியாசம். பெனிலா சாப்பாட்டுக் கையோடு என்னைப் பார்த்தாள். "அம்மா, இத எங்க சார் மூணு வருஷமா பிள்ளையளுக்கு மனசிலாக்க முடியாம கிடக்காரு." அன்று எனக்கு இருந்த பெருமையைப் பொன்னாடை போர்த்திய அன்றும் நான் அறிந்ததில்லை, முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை, மீன் குழம்பில் உப்புக் குறைவு என்றேன். அவளுடைய ஆராய்ச்சி இதுதான்: பிறந்த தேனீ முதல் இரண்டு மூன்று வாரம் கூட்டுக்குள் புழுவை வளர்க்கும், பிறகு வெளிவேலைக்குப் போகும், போனதும் சீக்கிரம் கிழடாகும், இறக்கை நைந்துவிடும், புதிதாக எதையும் படிக்காது, வாசனை காட்டி இனிப்புக் கொடுத்தாலும் மறுநாள் மறந்துவிடும். ஆனால் அப்படி வெளியே அலைந்து கிழடானவை திரும்பி வரும் நேரத்தில் கூட்டில் இளசுகளே இல்லாமல் செய்துவிட்டால், ராணியும் பசித்த புழுக்களும் மட்டும் இருந்தால், கிழடுகளில் சில வெளிவேலையை விட்டுவிட்டுப் புழுவுக்கு ஊட்ட உட்காரும். உட்கார்ந்தவற்றில் சிலதுக்குப் படிக்கிற மூளை திரும்பி வரும். அடைத்து வைத்த பத்தியை மறுபடி உரக்க வாசிக்கத் தொடங்கும். எல்லாவற்றுக்கும் இல்லை, சிலதுக்கு. ஏன் சிலதுக்கு மட்டும் என்று கேட்டேன். "தெரிஞ்சா நான் எதுக்கு இன்னும் இஞ்ச கிடக்கேன்" என்றாள். யாரும் இதில் என்னைப் பார்க்க வேண்டாம். உவமை மேடைக்காரன் வேலை. நான் மேடையில் கணக்குத்தான் சொல்வேன், எத்தனை பேர், எத்தனை நாள்.

படிப்பிக்கிற முறையைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது. தேனீயை ஐஸில் வைத்து மயக்கி, உறிஞ்சு குழாயை வெட்டி அதற்குள் தலை மட்டும் வெளியே தெரியச் செருகி, கழுத்துக்குப் பின்னால் பிளாஸ்திரி ஒட்டி, வரிசையாக நிறுத்திவைக்கிறார்கள், முப்பது நாற்பது, வாசலில் நிறுத்தியதுபோல. கிராம்பு வாசனையை ஊதுவார்கள், உடனே சர்க்கரைத் தண்ணீரை மீசையில் தொடுவார்கள், அது நாக்கை நீட்டும். மூன்று தடவை. நாலாவது தடவை வாசனைக்கே நாக்கு வரும். கட்டிப்போட்டுப் பாடம் சொல்லுகிறதா என்று கேட்டேன். பெனிலா சிரிக்கவில்லை. ஒரு தேனீயைக் குழாயிலிருந்து கழற்றிக்கொண்டே சொன்னாள், "நான் படிச்சதும் அப்படித்தான். நீ மாசத்துல ஒரு தடவ வருவ. ஒனக்க சேலையில அந்த அண்டி எண்ணெ மணம் வரும். ஒடனே பையில இருந்து கருப்பட்டி மிட்டாய் வரும். இப்பமும் எங்கயாவது அந்த மணம் அடிச்சா எனக்கு வாயில எச்சி ஊறும்."   வேலையை விட்டு நீக்கிய பிறகும் ஆலை ஆலையாக வாசலில் நின்றவள் நான், மணம் போகாது. அவளுக்கு மூன்று வயதில் நான் நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தேன், அவள் மனுவேலின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அப்பா, மாமி வந்திருக்காவ" என்றாள். மனுவேல் நல்ல மனிதர், சிரித்துச் சமாளித்தார், "மாமி இல்ல மக்களே, ஒனக்க அம்மையாக்கும், மணத்திப் பாரு" என்று தூக்கி என் தோளில் சாய்த்தார். மணத்திப் பார்த்தாள். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அவருக்கு நாற்பது தேன்பெட்டி, பிள்ளையைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு பெட்டி பெட்டியாகப் போவார், கொட்டு விழுந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுவார்களாம். அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டியது அவர், சடை போட்டது அவர், காய்ச்சலுக்கு உட்கார்ந்தது அவர். நான் ஆறு குற்றச்சாட்டு வரிசையாகச் சொன்னேன் அல்லவா, பெனிலா என்மேல் அப்படி ஒன்றுகூடச் சொன்னதில்லை. அவளிடம் எட்டோ பத்தோ இருக்கும். அப்பாவைப்போல் அவளுக்கும் குற்றத்தை எழுதி வைக்கிற பழக்கம் இல்லை.

"இப்பம் ஒங்க பெட்டி வருது" என்கிறாள் சகாயமேரி. என் பெட்டி. போன வருடம் பிப்ரவரி, ரப்பர் துளிர்க்கிற காலம், தேன் வரத்து உள்ள இரண்டு மாதம்தான் இந்த வேலை நடக்கும், தப்பினால் அடுத்த வருடம். ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு கொட்டகையில் கண்ணாடிச் சுவர் வைத்த பெட்டி, உள்ளே ராணி, புழுக்கள், வெளியே போய்த் திரும்பிய கிழடுகள் மட்டும். பன்னிரண்டு நாள், காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, மணிக்கு ஒரு தடவை, எந்தப் பொட்டுக்காரி வெளியே போனாள், எவள் புழு அறைக்குள் தலையை விட்டாள் என்று பார்த்துக் கட்டத்தில் குறிக்க வேண்டும். தொடங்குகிற அன்று பெனிலாவுக்குக் கால் வீங்கி, ரத்தக்கொதிப்பு ஏறி, டாக்டர் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் படுக்கையை விட்டு இறங்கக் கூடாது என்றுவிட்டார். மருமகன் மஸ்கட்டில். "அம்மா, வேற ஆளு இல்ல" என்றாள். முப்பத்து மூன்று வயதுவரை அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். போனேன். ஆலை வாசலில் எவள் உள்ளே போகிறாள், எவள் நிற்கிறாள் என்று தலை எண்ணிப் பழகிய கண், எனக்கு அது வேலையே இல்லை. எது எந்தக் கூட்டத்துத் தேனீ என்று எனக்குச் சொல்லவில்லை, சொல்லக் கூடாதாம், பார்க்கிறவளுக்குத் தெரிந்தால் மனசு ஒருபக்கம் சாயுமாம், அதில் எனக்கு ஒரு மரியாதை வந்தது. எட்டு நாள் ஒரு கட்டம் பிசகவில்லை. மூத்திரத்துக்குப் போனாலும் மணிக்கு முன்னால் வந்துவிடுவேன். வெள்ளைப் பொட்டுக்காரி ஒருத்தி இருந்தாள், இறக்கை ஓரமெல்லாம் கிழிந்து சல்லடை, நாலு நாள் வாசலுக்கும் புழு அடைக்குமாக அலைந்தாள், போவதா இருப்பதா என்று, ஐந்தாம் நாள் ஒரு புழுவின் அறைமேல் நின்று மீசையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், ஆறாம் நாள் தலையை உள்ளே விட்டாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். யாரிடம் சொல்ல, அங்கே யாரும் இல்லை. கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

ஒன்பதாம் நாள் அகில இந்தியப் பொது வேலைநிறுத்தம். நான் சொல்லவேண்டியது இதுதான், சுற்றி வளைக்கிறேன். சங்கத்தில் சேர்ந்த நாள்முதல் வேலைநிறுத்த நாளில் நான் எந்த வேலையும் செய்ததில்லை, வீட்டில் அடுப்புகூடப் பற்றவைத்ததில்லை, மனுவேல்தான் கஞ்சி வைப்பார், அவர் சங்கத்தில் இல்லை. சங்கம் என்னை வெளியே தள்ளி எட்டு ஒன்பது வருடம் ஆகியிருந்தது, எனக்கு யாரும் சொல்லியனுப்பவுமில்லை, பேப்பரில் பார்த்ததுதான். அன்று விடியற்காலை நோட்டை எடுத்து, ஒன்பதாம் நாள் கட்டம் முழுதும் குறுக்கே கோடு இழுத்து, 'வேலைநிறுத்தம்' என்று எழுதி, உறையில் போட்டு, கண்ணாடிப் பெட்டிமேல் துணியை மூடிவிட்டு ஜங்ஷனுக்குப் போனேன். ஏழு பேர் வந்திருந்தார்கள். பஸ் ஓடியது. கடை திறந்திருந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்து எங்களை ஒரு போட்டோ எடுத்துவிட்டு, "பாட்டி, வெயில் ஏறுதுல்லா, வீட்டுக்குப் போங்க" என்றார், கைதுகூடச் செய்யவில்லை. பதினொரு மணிக்கு எல்லாம் முடிந்துபோயிற்று. பதினொரு மணிக்கு நான் திரும்பிப் போயிருக்கலாம், பாதி நாளாவது குறித்திருக்கலாம். ஆறு மணிவரைதான் வேலைநிறுத்தம், ஆறு மணிவரை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என்ன பிடிவாதம் அது, யாருக்கு எதிராக, ஒரு தேன்பெட்டிக்கு எதிராகவா, படுக்கையில் கால் வீங்கிக் கிடந்த என் பிள்ளைக்கு எதிராகவா. அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் பதில், அன்றைக்குப் போயிருந்தால் நான் ரெத்தினபாய் இல்லை என்பதில் வந்து முட்டி நிற்கிறது, அங்கிருந்து நகராது. பத்தாம் நாள் போய்ப் பார்த்தபோது வெள்ளைப் பொட்டுக்காரியோடு இன்னும் பதினொன்று புழு அறைகளில் தலையை விட்டுக்கொண்டிருந்தன. அந்தப் பதினொன்றும் மாறியது ஒன்பதாம் நாளில். நான் பெஞ்சில் இருந்தபோது. அந்தப் பத்தாம் நாள் சாயங்காலமே குஞ்சு பிறந்தாள்.

பெனிலா நோட்டைப் பார்த்தது இருபது நாள் கழித்து, குழந்தை மார்பில் இருக்கும்போது. பக்கம் பக்கமாகத் திருப்பி வந்தாள், நின்றாள். "ஒம்பதாம் நாளு?" என்றாள். "பந்த்" என்றேன். நோட்டை மூடினாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை, பேசியிருந்தால் பரவாயில்லை, கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், எனக்குத் தெரிந்த வழி அது. நாலாம் நாள் குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாமல் நான் கையில் வைத்துக்கொண்டு முழித்தபோது, "தலையத் தாங்கும்மா, கழுத்து நிக்காது" என்றாள், அவ்வளவுதான், அன்றிலிருந்து தினமும் நான்தான் குளிப்பாட்டுகிறேன். ஒருநாள் அவளுடைய வழிகாட்டி பொன்னையா சார் போனில் பேசுவது கேட்டது, ஸ்பீக்கரில் போட்டிருந்தாள், கையில் துணி மடித்துக்கொண்டு, "எட்டாம் நாளையும் பத்தாம் நாளையும் கூட்டி ரெண்டால வகுத்துப் போட்டிரும்மா, யாரு கேக்கப் போறா" என்றார். "பாக்கேன் சார்" என்றாள். பார்க்கிறேன் என்றால் என்ன. அந்தப் புத்தகம் கறுப்பு அட்டை போட்டு வந்தபோது நான் எடுத்துத் தடவிப் பார்த்தேன், இருநூறு பக்கம் இங்கிலீஷ், என் பெயர் எங்கும் இல்லை என்று சகாயமேரி பார்த்துச் சொன்னாள், 'ஒரு பார்வையாளர்' என்றுதான் இருக்காம். பெயர் வேண்டாம். அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது, அதுதான் எனக்கு வேண்டும். அவள் நிரப்பியிருந்தால் என் பிள்ளை என் பொருட்டுப் பொய் எழுதினாள். நிரப்பாமல் விட்டிருந்தால் என் பொருட்டு இன்று இத்தனை பேர் முன்னால் நிற்கப் போகிறாள். இரண்டில் எது என்று நான் கேட்கவில்லை, ஒன்றேகால் வருடம் ஒரே வீட்டில், ஒரே பாயில் குழந்தையை நடுவில் போட்டுப் படுத்துக்கொண்டு, கேட்கவில்லை. சிறையில் எந்த அதிகாரியிடமும் கேட்காமல் விட்டதில்லை நான்.

குஞ்சு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கண்ணாடி என் மடியில் விழுகிறது, எச்சில், சேலையில் துடைத்துப் போடுகிறேன், திரை தெளிகிறது. கோடு ஒன்று மேலே ஏறுகிறது, அதில் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நாள். எண்ணுகிறேன். ஒன்று, இரண்டு, கண்புரை உள்ள இடதுகண் புள்ளியை இரண்டாகக் காட்டுகிறது, மூடிக்கொண்டு வலதால் எண்ணுகிறேன், ஆறு, ஏழு, அதற்குள் ஸ்லைடு மாறிவிட்டது. மூளையில் எந்தப் பத்தி எவ்வளவு உரக்க என்பதன் நிறப் படம், சிவப்பும் பச்சையும். அந்தச் சிவப்பில் ஒரு கட்டம் என் வெள்ளைப் பொட்டுக்காரி. பன்னிரண்டாம் நாள் எல்லாவற்றையும் குழாயில் செருகிப் பாடம் சொல்லிப் பார்த்தார்கள், அவள் மூன்றே தடவையில் படித்தாளாம், மறுநாளும் மறக்கவில்லையாம், அதன் பிறகு புகை பறக்கிற குளிர்த் தண்ணீரில் போட்டுத் தலையை எடுத்தார்கள். எனக்குத் தெரிந்தே செய்தது. அன்று ஒரு வாய் சோறு இறங்கவில்லை. கைதட்டுகிறார்கள், பெனிலா பேசி முடித்துவிட்டாள். இனி கேள்வி. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு அம்மா, நரைத்த கிராப், பருத்திச் சேலை, முன் வரிசையில் கறுப்புப் புத்தகத்தைப் பிரித்து வைத்திருக்கிறார், பக்கங்களில் மஞ்சள் காகிதம் ஒட்டிய இடங்கள் ஏழெட்டு. ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பெனிலா சொல்கிறாள். "நல்லாச் சொல்லுதா அக்கா, பயப்படாண்டாம்" என்கிறாள் சகாயமேரி. "எனக்கு என்ன பயம்" என்கிறேன். "அப்பம் எனக்க கைய எதுக்கு இப்பிடி நெரிக்கிய?" பார்க்கிறேன், அவள் மணிக்கட்டை நான்தான் பிடித்திருக்கிறேன். விடுகிறேன். தேர்வாளர் ஒரு மஞ்சள் காகிதத்தை உரித்து எடுக்கிறார், ஏதோ சொல்கிறார், அதில் எனக்குத் தெரிந்த ஒரு சொல் இருக்கிறது, நைன். பொன்னையா சார் குனிந்து மேசையைப் பார்க்கிறார். "ஒம்பதாம் நாளக் கேக்காவ" என்கிறாள் சகாயமேரி, அவள் குரலும் இறங்கிவிட்டது, "முக்கியமான நாளு, அத வச்சுத்தான் எல்லாம் நிக்குது, அது எங்க-ன்னு கேக்காவ."

எங்க என்று கேட்டால், இல்லை என்றுதான் அர்த்தம். நிரப்பவில்லை. என் பிள்ளை நிரப்பவில்லை. எழுந்து நின்று, குற்றம் என்மேல், அந்தப் பெண்மேல் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது, என் குரலுக்கு மைக் வேண்டாம், எந்த வாசலிலும் வேண்டியதில்லை. தோளில் குழந்தையின் தலை, ஈரம், பால் மணம், கழுத்து இப்போது நிற்கும், ஆனாலும் என் கை அதைத் தாங்கிக்கொண்டே இருக்கிறது. அசைந்தால் எழுந்துவிடுவாள். பெனிலா என்னைப் பார்க்கிறாள். இங்கிலீஷில் தொடங்குகிறாள், அதில் ஸ்ட்ரைக் என்ற சொல் வருகிறது, அறையில் ஒரு சிரிப்பு ஓடுகிறது. தேர்வாளர் கையைத் தூக்குகிறார், "தமிழ்லயே சொல்லும்மா, நானும் தஞ்சாவூர்க்காரிதான். யாரு ஸ்ட்ரைக்? தேனீயா?" இப்போது பெரிய சிரிப்பு. "இல்ல மேடம், பாத்துக் குறிச்சவங்க. அன்னைக்குப் பொது வேலைநிறுத்தம். வேலைநிறுத்த நாள்ல அவங்க வேலை செய்ய மாட்டாங்க." "அவங்களுக்கு இதுல பயிற்சி உண்டா?" "இல்ல மேடம்." "ஒரே ஆள். பயிற்சி இல்ல. முக்கியமான நாள்ல லீவு. சராசரி போட்டிருக்கலாமே, நிறையப் பேர் அப்படித்தானே பண்றாங்க? இதை நம்பி நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" யாரும் சிரிக்கவில்லை.  பெனிலா கோலை மேசையில் வைத்துவிட்டாள். "மேடம், அன்னைக்கு நான் ஆஸ்பத்திரில இருந்தேன். அந்தக் கட்டத்த அவங்க சும்மா நிரப்பியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. யாருக்கும் தெரிஞ்சிருக்காது. எனக்கு அது எவ்வளவு வேணும்னு அவங்களுக்குத் தெரியும். இருந்தும் ஒரு மணி நேரம்கூட எழுதல்ல. பாக்காதத அவங்க எழுத மாட்டாங்க. அதனாலதான் மத்த பதினொரு நாளையும் நான் நம்புறேன். அந்தக் கட்டம் காலியா இருக்கதுதான் மேடம் எனக்கு இதுல உள்ள ஒரே உத்தரவாதம்."

தேர்வாளர் புத்தகத்தை அருகில் இழுத்தார். பக்கத்தைத் திருப்பினார், முன்னால் திருப்பினார், பின்னால் திருப்பினார். எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது, நான் குழந்தையின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்றேகால் வருடம் அவள் என்னைத் தண்டிக்கிறாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் குளிப்பாட்டித் தந்த பிள்ளையை வாங்கும்போது அவள் முகத்தில் எதைத் தேடினேன், கோபத்தைத் தேடினேன், அது எனக்குப் பழக்கம், மற்றதை வாசிக்க எனக்கு எந்தப் பிரசுரமும் சொல்லித் தரவில்லை. "அந்த நோட்டு இருக்கா?" என்றார் தேர்வாளர். இருக்கிறது, பெனிலா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள், ரப்பர் பால் கறை பட்ட என் நோட்டு, அவர் ஒன்பதாம் நாள் பக்கத்தை விரித்து, குறுக்கே இழுத்த கோட்டையும் அதன்மேல் என் கொட்டை எழுத்தையும் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், உதட்டோரம் ஏதோ நெளிந்தது. "ஆய்வேட்டுல 'ஒரு பார்வையாளர்'னுதானே இருக்கு. பேர் எங்க?" பொன்னையா சார் தொண்டையைச் செருமினார், "சொந்தக்காரங்கன்னு வேண்டாம்னு நான்தான்..." என்றார். "சொந்தமா?" என்று திரும்பினார் அவர். "எங்க அம்மா" என்றாள் பெனிலா. அறை முழுதும் தலை திரும்பியது, யார் என்று தேடியது. சகாயமேரி என் பக்கம் விரலைக் காட்டினாள். தேர்வாளர் என்னைக் கண்டுபிடித்தார். "ஏம்மா, பொண்ணோட வேலைக்கே ஸ்ட்ரைக்கா?" நான் எழுந்திருக்கவில்லை, பிள்ளை தூக்கத்தில் இருந்தாள். "பொண்ணுக்க வேலையும் வேலைதானே" என்றேன், மெதுவாக, குழந்தை அசையாமல். அவர் தலையை ஆட்டினார், அது சம்மதமா சிரிப்பா என்று தெரியவில்லை, பேனாவைத் திறந்து புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் ஏதோ எழுதினார். பிறகு பொன்னையா சாரிடம், "ஒரே ஒரு திருத்தம். குறிப்புல எழுதுங்க. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துல பேர் வரணும், இப்பவே எழுதி, எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாசிங்க, வந்தவங்க கீழ கையெழுத்துப் போடட்டும்" என்றார். பெனிலா அவர் பக்கத்தில் போய்ச் சொல்லச் சொல்லப் பொன்னையா சார் எழுதினார். அவள் குனிந்து ஒரு எழுத்தைத் திருத்தினாள். அவர் எழுந்து நின்று, மைக்கைத் தட்டிப் பார்த்து, முடிவை வாசித்தார், அது இங்கிலீஷ், கைதட்டல், குஞ்சு ஒரு தடவை முனகி என் கழுத்துக்குள் முகத்தை இன்னும் புதைத்துக்கொண்டாள். கைதட்டல் அடங்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு தமிழில் வாசித்தார்.

"நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம், முதல் வரி. பன்னிரண்டு நாளில் பதினொரு நாள் பார்த்துக் குறித்தவர், முந்திரித் தொழிலாளி, மனுவேல் ரெத்தினபாய்."